12 வால்வு கம்மின்ஸில் பவர் ஏற்றுவது: கேள்வி பதில்

வண்டி: 1994 முதல் 1998 வரை வந்த டாட்ஜ் ராம் டீசல் பிக்கப். 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் கம்மின்ஸ், பாஷ் பி7100 பம்ப் (டீசலை அளந்து இன்ஜினுக்குள் தள்ளுவது). 98 நடுவில் வந்த 24 வால்வு இன்ஜின் வேறு ரகம். இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது. இதில் டீசல் அளவைக் கட்டுப்படுத்த கம்ப்யூட்டர் கிடையாது. கூட்டுவதும் குறைப்பதும் ஸ்பேனர் வேலைதான்.

கேள்வி: அண்ணா, என்னுடையது 96 மாடல், மேனுவல் கியர், கம்பெனி கணக்கில் 215 எச்பி. 300 வரை கொண்டுபோக ஆசை. எங்கே ஆரம்பிக்கலாம்?

கேஜில் ஆரம்பியுங்கள். பைரோமீட்டர் (எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டுவது), பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), டீசல் பிரஷர் மூன்றும் மாட்டாமல் பம்பில் கை வைக்க வேண்டாம். இந்த இன்ஜினில் டீசலைக் கூட்டுவது சுலபம், செலவும் குறைவு. அந்த டீசலுக்கு ஈடான காற்று இல்லையென்றால் சூடு ஏறி அலுமினிய பிஸ்டன் உருகும்.

பைரோமீட்டர் சென்சாரை டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வையுங்கள். டர்போ தாண்டி வைத்தால் உண்மையான சூடு தெரியாது. 11/32 அங்குலத் துளை போட்டு, 1/8 என்பிடி (குழாய் ரக) மரை வெட்டுங்கள். டிரில் பிட்டிலும் டேப்பிலும் கிரீஸ் தடவி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்தால் இரும்புத்தூள் அதில் ஒட்டி வந்துவிடும். உள்ளே விழுந்த தூள் நேராக டர்பைன் சக்கரத்துக்குத்தான் போகும். தொடர்ந்து இழுக்கும்போது 1250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்ட விடாதீர்கள்.

கேள்வி: "கில்லர் டவல் பின்" என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்களே, நிஜமாகவே அவ்வளவு ஆபத்தா?

ஆமாம். டைமிங் கியர் ஹவுசிங்கை பிளாக்கோடு நேர்படுத்த ஒரு சின்ன எஃகு பின் இருக்கிறது. வருடக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து முன்பக்கமாக நழுவும். அதைப் பிடித்து வைக்க எதுவும் கிடையாது. விழுந்து கியர்களுக்கு நடுவில் சிக்கினால் ஹவுசிங் உடையும், நிலைமை மோசமானால் கேம் டைமிங்கே போய்விடும். பவர் ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

ஃபேன், பெல்ட், டேம்பர், முன் கவர் கழற்றினால் பின் கண்ணில் படும். வெளியே எட்டிப் பார்த்தால் மெதுவாகத் தட்டி உள்ளே அனுப்பி, பக்கத்து போல்டின் கீழ் ஒரு தகடு வைத்து, தகட்டின் நாக்கு பின்னை மறைக்கும்படி முடுக்குங்கள். கையோடு ஹவுசிங் போல்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி லாக்டைட் போட்டு முடுக்குவது நல்லது. அவையும் தளரும் ரகம். கவரைத் திரும்ப மாட்டும்போது கிராங்க் சீல் புதிதாகப் போடுங்கள். சீலின் உதட்டிலும் கிராங்க் முனையிலும் ஆயில் துளிகூட இருக்கக் கூடாது. இந்த சீல் காய்ந்த நிலையில்தான் உட்கார வேண்டும். பழக்கதோஷத்தில் ஆயில் தடவி மாட்டினால் கசியும்.

கேள்வி: ஃப்யூல் பிளேட், ஏஎஃப்சி, ஸ்டார் வீல். எது எதற்கு சார்?

பிளேட், பம்பின் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பி) எவ்வளவு தூரம் போகலாம் என்று எல்லை போடுகிறது, அதாவது அதிகபட்ச டீசல். ஏஎஃப்சி (காற்று-டீசல் கட்டுப்பாடு), பூஸ்ட் ஏறும்வரை அந்த டீசலைத் தடுத்து வைக்கிறது. ஸ்டார் வீல் ஏஎஃப்சி ஸ்பிரிங்கின் இறுக்கம். தளர்த்தினால் குறைந்த பூஸ்டிலேயே டீசல் வரும், புகையும் வரும். இறுக்கினால் டர்போ எழும்பிய பிறகுதான் வரும்.

முதலில் இருக்கிற பிளேட்டையே கொஞ்சம் முன்னால் நகர்த்தி ஓட்டிப் பார்த்து, கேஜ் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். பிளேட்டைக் கழற்றியே எறிந்துவிட்டால் ஸ்டாக் (கம்பெனியில் வந்த) டர்போ தாங்காது.

முக்கியமான விஷயம்: ஏஎஃப்சியைத் திரும்ப உட்கார வைக்கும்போது உள்ளே இருக்கும் லீவர் கை சரியான இடத்தில் சேராவிட்டால், ஸ்டார்ட் ஆன நொடியே இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறும். ஷட்டாஃப் லீவர் (இன்ஜினை நிறுத்துவது) தடையில்லாமல் போய்த் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டே சாவியைத் திருப்புங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி வைத்து, டர்போ வாயை அடைக்க ஒருவர் கெட்டியான பலகையோடு நிற்கட்டும். கையால் மட்டும் அடைக்கக் கூடாது.

கேள்வி: 2500 ஆர்பிஎம் தாண்டினால் வண்டி செத்துப்போகிறது. கவர்னர் ஸ்பிரிங் 3000 போதுமா, 4000 போடலாமா?

இன்ஜின் வேகத்துக்கு எல்லை போடுவது கவர்னர். சாலையில் ஓட்டவும் டிரெய்லர் இழுக்கவும் 3000 தாராளம். 4000 போட்டால் 60 பவுண்டு வால்வு ஸ்பிரிங்கும் சேர்த்தே போட வேண்டும், இல்லையென்றால் மேல் வேகத்தில் வால்வு மிதக்கும் (நேரத்துக்கு மூடாது). கவர்னர் நட்டுகளில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் கிளிக் இருக்கட்டும். கவர்னர் ஹவுசிங்குக்குள் துணி திணித்துவிட்டு வேலை செய்யுங்கள். உள்ளே விழுந்த வாஷரை எடுக்காமல் இன்ஜினைச் சுற்றக் கூடாது.

கேள்வி: டைமிங்கை (டீசல் பாயும் நேரம்) 16 டிகிரிக்கு முன்தள்ளினேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது, இப்போது இழுவை இல்லை, வெள்ளைப் புகை.

பம்ப் கியர் நழுவியிருக்கிறது. அந்தக் கியரை ஷாஃப்டோடு பூட்டும் கீ எதுவும் கிடையாது, டேப்பரில் (கூம்பு வடிவ முனையில்) பிடிமானத்தால் மட்டுமே நிற்கிறது. ஷாஃப்ட், கியர் இரண்டின் டேப்பரையும் பிரேக் கிளீனரால் ஆயில் பசை இல்லாமல் துடைத்து, நட்டை 195 நியூட்டன் மீட்டருக்கு முடுக்க வேண்டும். முடுக்கும்போது பிளாஸ்டிக் டைமிங் பின்னை நம்பி கிராங்கைப் பிடிக்காதீர்கள், முறிந்து உள்ளே விழும். கிராங்கை பாரிங் டூலால் (இன்ஜினைக் கையால் சுற்றும் கருவி) பிடியுங்கள். டிகிரியை டயல் கேஜ் வைத்து பிளஞ்சர் லிஃப்டால் (பம்பின் உள் பிஸ்டன் எழும் உயரம்) அளந்து செய்யுங்கள். கண் மதிப்பு வேண்டாம்.

16 நல்ல அளவு. சூடும் குறையும். ஸ்டாக் ஹெட் போல்டோடு 20-க்குப் பக்கம் போனால் சிலிண்டர் அழுத்தம் கூடி ஹெட் கேஸ்கெட் போகும்.

கேள்வி: கறுப்புப் புகை நிறைய வந்தால் பவர் அதிகம் என்று அர்த்தமா?

இல்லை. காற்று போதாமல் பாதி எரிந்த டீசல் அது. அதே நேரம் பைரோமீட்டரைப் பாருங்கள், முள் ஏறிக்கொண்டிருக்கும்.

கேள்வி: பவர் ஏற்றிய பிறகு கியர் பாக்ஸ் தாங்குமா?

ஸ்டாக் கிளட்ச் 300 எச்பி பக்கம் வழுக்கத் தொடங்கும், அதை பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள். உங்கள் வண்டியின் என்வி4500 மேனுவல் கியர் பாக்ஸ் உறுதியானதுதான், ஆனால் 5-வது கியர் நட்டு தளர்வது அதற்குப் பேர்போன வியாதி. குறைந்த ஆர்பிஎம்மில் 5-வது கியரிலேயே டிரெய்லரோடு மிதித்து ஏறாதீர்கள், 4-க்கு இறக்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் டார்க் கன்வர்ட்டர், வால்வு பாடி முதலில்; பம்ப் அதற்குப் பிறகு.

கேள்வி: டீசல் பிரஷர் ஐட்லில் 10 பிஎஸ்ஐ. லிஃப்ட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுப்பது) மாற்றியும் அப்படியேதான்.

ஐட்லில் 17 முதல் 22, 2500 ஆர்பிஎம்மில் 25 முதல் 30 இருக்க வேண்டும். ஐட்லில் ரிட்டர்ன் ஹோஸை ஒரு கணம் நெரித்துப் பாருங்கள். பிரஷர் சட்டென்று ஏறினால் லிஃப்ட் பம்ப் நல்லதுதான், ஓவர்ஃப்ளோ வால்வின் (மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்புவது) ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுவது கொஞ்ச நாளைக்குத்தான் நிற்கும், வால்வையே மாற்றுங்கள். ஏறவில்லை என்றால் டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். வெடிப்பு விட்டால் வெளியே சொட்டு டீசல் காட்டாமலே காற்றை உள்ளே இழுக்கும்.