வீட்டில் காய்ச்சும் சூப் வகைகளில் உங்கள் மனத்துக்கு ஆறுதல் தருவது எது?

ஒடியற் கூழ்.

சூப் என்றதும் லீக்ஸும் கரட்டும் போட்டு மிளகு தூவிய தெளிந்த நீரே பலருக்கு நினைவுக்கு வரும். எங்கள் வீட்டிலும் காய்ச்சல் வந்தவருக்கு அதையோ கொத்தமல்லி ரசத்தையோதான் கொடுப்போம். ஆனால் உடம்பில் ஒன்றும் இல்லாமல் மனம் மட்டும் சோர்ந்துபோன நாளுக்கு எது என்று கேட்டால், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் குடியிருக்கும் எனக்கு, உறைப்பும் புளிப்பும் கடல்வாசமும் சேர்ந்து கொதிக்கும் அந்தத் தடித்த கூழைத் தவிர வேறொன்றும் தோன்றுவதில்லை.

யாழ்ப்பாணத்து உணவு பழகாதவர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பனம்விதைகளைப் பாத்தியில் அடுக்கி மண்ணிட்டு மூடினால் சில மாதங்களில் கிழங்கு இறங்கும். அதை அவிக்காமல் இரண்டாகக் கிழித்து வெயிலில் காயவைப்பதே ஒடியல். இடித்து அரித்தால் ஒடியல் மா. அவித்துக் காயவைத்தால் அது புழுக்கொடியல். புழுக்கொடியல் மாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உண்ண நன்றாக இருக்கும், ஆனால் கூழுக்கு உதவாது. ஆடிப்பிறப்புக்குப் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சும் இனிப்புக் கூழும் வேறு. கொழும்பில் ஒடியல் மா வேண்டுமானால் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்தில் கேட்கலாம். ஊரிலிருந்து வருபவர்களிடம் சொல்லிவைத்தால் இன்னும் நல்லது. யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாகப் போகும் ஏ9 வீதி 2006 ஆகஸ்டில் போரால் மூடப்பட்ட பின்பு, எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்த ஒரு போத்தல் மாவை அம்மா பல மாதங்கள் திறக்காமலே வைத்திருந்தார். பாதை திறக்கும் வரை அது இருக்கட்டும் என்பதே அவருடைய எண்ணம்.

பத்துப் பேருக்குக் கால் கிலோ மா போதும். அதைத் தண்ணீரில் கரைத்து இரண்டு மணி நேரமாவது ஊறவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்துவிட வேண்டும். ஒடியலின் கசப்பு அந்த நீரோடுதான் போகும். "பிள்ளை, முதல்ல மாவைக் கரைச்சு வை, இல்லாட்டிக் கூழ் கைக்கும்" என்று அம்மா சொல்லாத கூழ்நாள் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. பிறகு வாயகன்ற சருவத்தில் நீரைக் கொதிக்கவைத்து, ஒரு பிடி அரிசி, பிளந்த பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்குத் துண்டுகள், பயற்றங்காய் ஆகியவற்றை முதலில் போட வேண்டும். மரவள்ளி வேகும்போது சட்டியை மூடக் கூடாது என்பதிலும், மரவள்ளி சேர்ந்த எதிலும் இஞ்சி கூடாது என்பதிலும் எங்கள் வீட்டார் மிகவும் கண்டிப்பானவர்கள். அவை பாதி வெந்ததும் மீன் தலை, நண்டு, இறால், கணவாய் என்று சந்தையில் அன்று கிடைத்தவை சேரும். செத்தல் மிளகாயை உப்பும் மஞ்சளும் சேர்த்து அரைத்து, பழப்புளிக் கரைசலோடு கலந்து ஊற்றி, கடைசியில் மாவைக் கரைத்து விட்டு, கை ஓயாமல் துழாவ வேண்டும். இறக்கும் தறுவாயில் முருங்கையிலை. உறைப்பைக் குறைத்துக் காய்ச்சுகிறவர்கள் உண்டு. என் கருத்தில் கண்ணில் நீர் வராத கூழ் கூழ் அல்ல.

இந்தக் கூழ் ஏன் மனத்தை ஆற்றுகிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சுவை ஒரு காரணம்தான். ஆனால் ஒருமுறை எனக்காக மட்டும் ஒரு சிறிய பாத்திரத்தில் காய்ச்சிப் பார்த்தபோது, அளவெல்லாம் சரியாக இருந்தும் அது சரிவரவில்லை. அவ்வளவு வகை மீனையும் கிழங்கையும் ஒருவருடைய அளவுக்குச் சுருக்க முடியாது. ஆறினால் இறுகிவிடும் என்பதால் நாளைக்கு என்று எடுத்துவைக்கவும் மனம் வராது. அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தில் குடிப்பவர்கள் எல்லோரும் அங்கே இருந்தாக வேண்டும். ஒருவர் நண்டு உடைக்க, ஒருவர் பலாக்கொட்டை உரிக்க, இன்னொருவர் துழாவ, கூழ் வருவதற்கு முன்பே வீடு நிறைந்துவிடுகிறது.

அதை நான் மிக நன்றாக உணர்ந்தது 2022இல். கொழும்பில் சமையல் எரிவாயு கிடைக்காமல், காலிச் சிலிண்டர்களோடு மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. எங்கள் கட்டடத்தில் பல வீடுகளில் பாணும் வாழைப்பழமுமே இரவுச் சாப்பாடு. அப்போது ஒரு சனிக்கிழமை, பின்முற்றத்தில் மூன்று செங்கல் வைத்து ஒரே அடுப்பில் எல்லோருக்கும் காய்ச்சலாம் என்று அம்மாதான் சொன்னார். கீழ்த்தட்டில் இருக்கும் சிங்கள அம்மா ஒரு சாக்குச் சிரட்டை கொண்டுவந்தார். இரண்டாம் தட்டு மாமி மரவள்ளிக்கிழங்கு தந்தார். மீன் விலை கைக்கெட்டாத உயரத்தில் இருந்ததால் நண்டும் இல்லை, கணவாயும் இல்லை. நெத்தலிக் கருவாட்டைக் கழுவிப் போட்டோம். குறை தெரியாதபடி கூழ் அதையும் ஏற்றுக்கொண்டது. பனையோலை இல்லாததால், அதை மடித்துச் செய்யும் பிளா என்ற குடிகலத்துக்குப் பதில் பலாவிலையை மடித்து ஈர்க்குக் குத்தி, இருட்டில் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து குடித்தோம். முதல் மிடறிலேயே கண் கலங்கிய சிங்கள அம்மா, தம் வீட்டில் காலையில் காய்ச்சும் கொலகந்த என்ற இலைக்கஞ்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே மறுபடியும் இலையை நீட்டினார். அன்று வெகு நேரம் எவரும் தம் வீட்டுக்கு ஏறிப் போகவில்லை.

இப்போது எரிவாயு இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது. ஆனால் மே மாதத்தில் கொழும்பில் மழை பிடிக்கத் தொடங்கினால், அம்மா சிறிய சட்டியை எடுப்பதே இல்லை. எத்தனை பேர் வருவார்கள் என்றும் கேட்பதில்லை. மா கரைத்து வைத்த செய்தி எப்படியோ கீழே எட்டிவிடும். கொஞ்ச நேரத்தில் சிங்கள அம்மா கழுவித் துடைத்த பலாவிலைக் கட்டோடு எங்கள் வாசலில் நிற்பார்.