நாலு வரை எண்ணும் காகம்

கேள்வி: காகத்துக்கு நாலு வரை எண்ணத் தெரியும் என்று ஜேர்மனியில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். காகம் கரைந்தால் விருந்தாளி வரும் என்று நம் முன்னோர் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அதன் அறிவு நமக்குத் தெரிந்ததுதானே? இதற்கெல்லாம் ஓர் ஆராய்ச்சி தேவையா?
(வாசகர் ஒருவர், வெள்ளவத்தை)

பதில்: தேவை. விருந்தாளி வருவார் என்பது காகத்தின் பெயரில் நாம் சொல்லும் செய்தி. டியூபிங்கன் பல்கலைக்கழகத்தார் 2024இல் வெளியிட்டது, காகம் தானே செய்து காட்டிய கணக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அங்கே மூன்று காகங்களைப் பழக்கினார்கள். திரையில் ஓர் இலக்கம் தெரியும், அல்லது ஒவ்வோர் எண்ணுக்கும் என்று வைத்த ஓர் ஒலி கேட்கும். அதற்கேற்ப ஒன்று முதல் நாலு தடவை வரை கரைய வேண்டும். கரைந்து முடிந்ததும் திரையைக் கொத்தி, 'அவ்வளவுதான்' என்று காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் தீன். காகங்கள் இதைக் கற்றுக்கொண்டன. அதைவிட என்னை அசர வைத்தது வேறொன்று: முதல் 'கா'வின் ஒலியை ஆராய்ந்தாலே, அந்தக் காகம் மொத்தம் எத்தனை தடவை கரையப்போகிறது என்று கணிக்க முடிந்ததாம். கரைய வேண்டிய எண்ணிக்கை கூடக்கூட, வாய் திறக்க எடுத்த நேரமும் கூடியது. அதாவது, நாலு என்று மனத்தில் முடிவு செய்துகொண்டுதான் முதல் சத்தமே வெளியே வருகிறது. இது எந்தப் பழமொழியில் இருந்தது, சொல்லுங்கள்?

பார்த்தாலே தெரிகிறதே, சோதிப்பானேன் என்பீர்கள். பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கூட்டல் கணக்குக் கேட்டால் விடை எத்தனையோ அத்தனை தடவை குளம்பால் தரையைத் தட்டும். ஊரே திரண்டு வந்து பார்த்தது. 1904இல் ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, இதில் தந்திரம் எதுவும் இல்லை என்றது. உண்மையிலேயே சொந்தக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை. அப்புறம் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் என்பவர், விடை தெரியாத ஆளைக் கொண்டு கேள்வி கேட்கவைத்தார். குதிரை தடுமாறிவிட்டது. அது எண்ணவே இல்லை. சரியான எண் வந்ததும் கேட்டவரின் தலையில் தன்னையறியாமல் வந்த சின்ன அசைவைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. அந்தப் பாடத்துக்குப் பிறகு, விலங்கு எண்ணுகிறது என்று யார் சொன்னாலும் ஆராய்ச்சியாளர்கள் ஒன்றுக்கு நாலு தடவை சோதிக்கிறார்கள்.

காகத்தின் நினைவையும் இப்படிச் சோதித்துத்தான் அறிந்தார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2006இல் ஆராய்ச்சியாளர்கள் குகைமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காகங்களைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டார்கள். பல வருடங்களுக்குப் பிறகும் அந்த முகமூடி தெருவில் நடந்தால் காகங்கள் சூழ்ந்துகொண்டு கத்தின. பிடிபடாத காகங்களும் சேர்ந்து கத்தின.

முன்னோரை நீங்கள் இழுத்ததால் சொல்கிறேன். என் அம்மா புரட்டாதிச் சனிகளில் மதிலில் சோறு வைத்துவிட்டு, 'கா, கா' என்று கூப்பிட்டபடி வாசலிலேயே நிற்பார். கழுத்து சாம்பலாக இருக்கும் நம்மூர்க் காகம் முதலில் ஒன்று வரும். உடனே தின்னாது. கழுத்தைச் சாய்த்து அம்மாவை ஒரு கண்ணால் பார்க்கும், பிறகு சோற்றைப் பார்க்கும், மற்றவற்றைக் கூப்பிட்டுவிட்டுத்தான் அலகை வைக்கும். அம்மா அந்த வரிசையைக் கவனித்து எங்களுக்குச் சொல்லித் தந்தார். அதுவும் ஆராய்ச்சியின் முதல் படிதான். சங்கப் பாட்டில் காகத்துக்குச் சோறு வைத்தவர்களும் அப்படிப் பார்த்தவர்கள்தான். நாமோ அவர்கள் பார்த்ததைப் பிடித்துக்கொண்டு, பார்ப்பதை விட்டுவிட்டோம். ஜேர்மனியில் சோதித்தது வேறு இனக் காகம். காலிமுகத்திடலில் உங்கள் கையிலிருந்து இறால் வடையைப் பறிக்கப் பார்க்கிற காகம் எத்தனை வரை எண்ணும் என்பதை அந்தச் சோதனை சொல்லாது.

ஆகவே உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு கொப்பியில் நாலு நிரல் போடுங்கள்: காகம் கரைந்து விருந்தாளி வந்த நாள், கரைந்தும் வராத நாள், கரையாமல் வந்த நாள், இரண்டும் இல்லாத நாள். மூன்று மாதம் விடாமல் குறியுங்கள். பிடித்த நிரலை மட்டும் நிரப்பக் கூடாது. அனுப்பி வையுங்கள், இதே பக்கத்தில் முழுதாகப் போடுகிறேன்.