லென்ஸத் தொடைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க

சிங்கப்பூர்ல தைப்பூசம் முடிஞ்சா போதும், எனக்கு வர்ற கேள்வியில பாதி கேமரா கேள்வியாத்தான் இருக்கும். பால் தெறிச்சிடுச்சு, விபூதி ஒட்டிக்கிச்சு, மழையில நனைஞ்சிடுச்சுன்னு வரிசையா வரும். அதனால இந்தத் தடவ கேமரா, லென்ஸ் சம்பந்தப்பட்டத மட்டும் எடுத்துக்கிட்டேன், வாஷிங் மெஷின் பத்திக் கேட்டவங்க அடுத்த தடவ வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க.

கேள்வி: அண்ணே, தைப்பூசத்தன்னிக்கு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும் காவடி கூடவே நடந்து படம் எடுத்தேன். வழியில ஒருத்தரோட பால்குடம் தளும்பி லென்ஸ் மேல தெறிச்சிடுச்சு, விபூதியும் பறந்து வந்து ஒட்டிக்கிச்சு. அவசரத்துல தோள்ல கெடந்த துண்டாலேயே தொடச்சிட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா பால் கற வட்டமா காஞ்சு போயிருக்கு, சாச்சுப் பாத்தா மெல்லிசா ரெண்டு மூணு கோடும் தெரியுது. ஹேண்ட் சானிடைசர் போட்டா போயிடும்ங்கிறாரு மச்சான். லென்ஸ் அவ்ளோதானா? (ஈசூன் தம்பி)

பதில்: லென்ஸ் போகல தம்பி, பயப்படாதீங்க. ஆனா மச்சான் கையில மட்டும் குடுத்துடாதீங்க.

அந்தக் கோடு பாலால வந்தது இல்ல, துண்டால வந்தது. சரியாச் சொன்னா துண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இருந்த விபூதியால வந்தது. விபூதி கையில பட்டா மாவு மாதிரி இருக்கும், ஆனா அது சாம்பல், அதுல கண்ணுக்குத் தெரியாத கரகரப்பு இருக்கு, போதாததுக்கு ரோட்டுத் தூசி வேற, அது மேல துண்ட வச்சு அழுத்தித் தேச்சா உப்புக்காகிதம் வச்சுத் தேச்ச மாதிரிதான். லென்ஸ் மேல ஊதா பச்சைன்னு மினுங்குதே, அந்தப் பூச்சு ஒவ்வொரு அடுக்கும் சுமாரா 100 நானோமீட்டர் கனம்தான், நம்ம தலைமுடி அதவிடப் பல நூறு மடங்கு தடிமன். பூச்சே இல்லாத கண்ணாடின்னா ஒவ்வொரு பக்கத்துலயும் 4 சதவீத வெளிச்சம் திரும்பிப் போயிடும், ஒரு லென்ஸுக்குள்ள பத்து பதினஞ்சு கண்ணாடி இருக்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. அதனாலதான் அந்தப் பூச்சுக்கு இவ்ளோ மரியாத.

இனிமே எப்பவும் மொதல்ல ஊதறது, அப்புறம்தான் தொடைக்கிறது. ஊதறதுன்னா வாயால இல்ல, வாயால ஊதினா எச்சில் தெறிக்கும். ரப்பர் பந்து மாதிரி அமுக்குற புளோவர் ஒண்ணு வாங்கிக்கங்க, லென்ஸக் கீழ பாக்கப் புடிச்சுக்கிட்டு ஊதுனா தூசி அதுவா கீழ விழும். ஸ்ப்ரே டப்பாவுல அடைச்ச காத்து விக்கிதே, அது வேணாம், டப்பாவக் கொஞ்சம் சாச்சாலே உள்ள இருக்குற திரவம் ஜில்லுன்னு வந்து கண்ணாடி மேல படிஞ்சுடும். ஊதியும் போகாத தூசிய மெத்து பிரஷ்ஷால லேசாத் தட்டி விடுங்க, பிரஷ் முடியில கை படக்கூடாது, பட்டா நம்ம விரல் எண்ணெயத்தான் பூசுவீங்க.

இப்ப அந்தப் பால் கற. பால்ல கொழுப்பும் இருக்கு, புரதமும் இருக்கு, காஞ்சா பிசின் மாதிரி புடிச்சுக்கும். காஞ்ச கறைய வறட்டுத் துணியால தேய்க்கவே தேய்க்காதீங்க. லென்ஸ் டிஷ்யூவுல டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு ரெண்டு சொட்டு விட்டு, கறை மேல மெதுவா ஒத்தி ஒத்தி எடுங்க, அது இளகட்டும். அப்புறம் வேற ஒரு புது டிஷ்யூவுல லென்ஸ் கிளீனர் ஒரு சொட்டு, நடுவுல ஆரம்பிச்சு வட்டமா வெளிய வாங்க, அழுத்தம் வேணாம். ஒரு டிஷ்யூ ஒரு தடவதான், கஞ்சப்பட்டு அதையே திருப்பித் திருப்பிப் போட்டா எடுத்த அழுக்கு திரும்ப ஏறும். திரவத்த நேரா லென்ஸ் மேல மட்டும் விட்டுடாதீங்க, ஓரத்து வளையம் வழியா உள்ள எறங்கிடுச்சுன்னா அது வேற கத.

சானிடைசர் ஏன் கூடாதுன்னா அதுல ஆல்கஹால் மட்டும் இல்ல, கை வறண்டு போகக்கூடாதுன்னு கிளிசரின், வாசனை எல்லாம் கலந்திருக்கும், ஆல்கஹால் பறந்து போனதும் அதெல்லாம் படலமா நின்னுடும். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் வேணாம், நெறைய ஸ்ப்ரேல அமோனியா இருக்கு. நெயில் பாலிஷ் ரிமூவர்னு ஒருத்தர் போன வருஷம் கேட்டாரு, அசிட்டோன் லென்ஸச் சுத்தி இருக்குற பிளாஸ்டிக்கையும் பெயிண்டையும் கரைச்சுடும் சாமி.

கோட்டுக்கு வர்றேன். அதப் போக்க முடியாது, பாலிஷ் போட்டுத் தர்றேன்னு யாராச்சும் சொன்னா குடுக்காதீங்க, இருக்குற பூச்சும் போயிடும். ஆனா முன் கண்ணாடியில இருக்குற மெல்லிசு கோடு படத்துல பெரும்பாலும் தெரியவே தெரியாது. சந்தேகமா இருந்தா ராத்திரி சிராங்கூன் ரோட்டுல தெருவிளக்குக்கு நேரா ஒரு படம் எடுத்துப் பாருங்க, வெளிச்சம் புகை மாதிரி பரவினாத்தான் யோசிக்கணும். பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடி மேல மட்டும் அதிகக் கவனம் வைங்க, அங்க ஒரு கைரேகை பட்டாலும் படத்துல காட்டிக் குடுத்துடும்.

இன்னொண்ணு, ஏர்கான் எம்ஆர்டி ரயில்லேர்ந்து வெளிய வந்ததும் லென்ஸ்ல ஆவி புடிக்குமே, அதத் தொடைக்காதீங்க. கேமராவப் பையிலேயே மூடி வச்சு ஒரு அரைமணி நேரம் விட்டு எடுங்க, சூடு சமமானதும் ஆவியே வராது. அடுத்த பூசத்துக்கு முன்னாடி லென்ஸுக்கு முன்னாடி மாட்டுற யூவி ஃபில்டர் கண்ணாடி ஒண்ணும் மாட்டிக்கங்க. ஃபில்டர் வேணுமா வேணாமான்னு பெரிய சண்டையே நடக்குது, மத்த நாள்ல எனக்கு அது ஒரு பொருட்டே இல்ல, ஆனா பால்குடத்துக்கும் தீமிதிக்கும் ஈஸ்ட் கோஸ்ட் உப்புக்காத்துக்கும் நான் போட்டுக்கிட்டுத்தான் போறேன்.

கேள்வி: தம்பி, பேரப்புள்ளய எடுக்குற எல்லாப் படத்துலயும் மேல வலது மூலையில ஒரு கருப்புப் புள்ளி. லென்ஸப் பத்து தடவ தொடச்சுட்டேன், போகவே மாட்டேங்குது. புது லென்ஸ் வாங்கணுமா? (தெம்பனிஸ்லேர்ந்து ஒரு அக்கா)

பதில்: வாங்காதீங்க அக்கா, லென்ஸ் மேல தப்பே இல்ல. லென்ஸ் மேல இருக்குற தூசி படத்துல புள்ளியா விழாது, அது ஃபோக்கஸுக்கு ரொம்ப வெளிய இருக்கு. எப்பவும் அதே எடத்துல புள்ளி வருதுன்னா அது கேமரா உள்ள படத்தப் பதியுற சென்சார் மேல உக்காந்திருக்குற தூசி. அப்பர்ச்சர (லென்ஸுக்குள்ள வெளிச்சம் நுழையுற ஓட்டை) எஃப் 16னு சின்னதா வச்சு வெள்ளச் சுவத்தையோ வானத்தையோ எடுத்துப் பாருங்க, புள்ளி இன்னும் பளிச்சுன்னு தெரியும். வேற லென்ஸ் இருந்தா மாட்டிப் பாருங்க, அப்பவும் அங்கேயே இருந்தா சந்தேகமே இல்ல. மெனுவுல சென்சார் கிளீனிங் இருக்கும், அத ரெண்டு மூணு தடவ ஓட்டுங்க. போகலன்னா லென்ஸக் கழட்டிட்டு கேமராவக் கவுத்துப் புடிச்சு புளோவரால ஊதலாம், முனை உள்ள படக்கூடாது. அதுக்கும் அசையலன்னா சர்வீஸ் சென்டர்ல குடுத்துடுங்க, கைய மட்டும் உள்ள விடாதீங்க.

கேள்வி: பழைய சாமான் விக்கிற கேரோசெல் ஆப்ல ஒரு 85 எம்எம் லென்ஸ் பாதி வெலைக்கு வந்திருக்கு. லேசா ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கு, படத்துல தெரியாதுன்னு விக்கிறவரே சொல்றாரு. எம்ஆர்டி ஸ்டேஷன்ல மீட் பண்ணலாம்ங்கிறாரு. வாங்கலாமா? பின்னாடி பிரச்சனன்னா லெமன் லாவுல (குறையுள்ள சாமான வித்தா கேக்குற சட்டம்) போகலாமா? (பாசிர் ரிஸ் வாசகர்)

பதில்: அவர் சொன்னது இன்னிக்கு உண்மையா இருக்கலாம். ஃபங்கஸ் உயிரோட இருக்குற சாமான், நீங்க வாங்குன பெறகும் வளரும். அது வெளியிடுற அமிலம் பூச்சையும் அப்புறம் கண்ணாடியையும் அரிச்சுடும், பெறகு சுத்தம் பண்ணாலும் தடம் அப்படியே நிக்கும்.

ஸ்டேஷனுக்குப் போனீங்கன்னா மொபைல் டார்ச்ச லென்ஸோட ஒரு பக்கத்துல புடிச்சு மறுபக்கத்துலேர்ந்து சாச்சுச் சாச்சுப் பாருங்க, அப்பர்ச்சர் முழுசாத் தொறந்திருக்கணும். சிலந்தி வலை மாதிரி நூல் நூலா தெரிஞ்சா ஃபங்கஸ். பொடிப் பொடியா தூசி இருந்தா பரவால்ல, எல்லா லென்ஸ்லயும் இருக்கும். மொத்தமாப் பனி மூட்டம் மாதிரி வெளுத்துத் தெரிஞ்சா அது வேற வியாதி, அதையும் விட்டுடுங்க. நான் ஒரு 50 எம்எம்ம லெதர் கேஸுல போட்டு, துணி அலமாரிக்குள்ள, பாச்சா உருண்டைக்குப் பக்கத்துலேயே ஒரு வருஷம் மறந்துட்டேன், வீட்டுல அப்பத்தான் கொழந்த பொறந்திருந்துச்சு. எடுத்துப் பாத்தா உள்ள கோலம் போட்டு வச்சிருக்கு. சுத்தம் பண்ண 150 வெள்ளி (டாலர்) கேட்டாங்க, அந்த லென்ஸையே நான் 180 வெள்ளிக்குத்தான் வாங்கியிருந்தேன். அதனால ரிப்பேர் செலவக் கேட்டுத் தெரிஞ்சுக்காம பாதி வெலைய மலிவுன்னு நெனைக்காதீங்க.

லெமன் லா இங்க 2012 செப்டம்பர் 1லேர்ந்து இருக்கு, செகண்ட் ஹேண்ட் சாமானுக்கும் உண்டு. ஆனா கடை, வியாபாரம் பண்றவங்ககிட்ட வாங்குனாத்தான். ஒரு தனி ஆள் தன்னோட பழைய லென்ஸ உங்களுக்கு வித்தா அது செல்லாது. அது மட்டும் இல்ல, குறை இருக்குன்னு அவரே சொல்லி நீங்களும் சரின்னு வாங்கிட்டீங்க, அப்புறம் அதையே குறைன்னு எங்கயும் போய்ச் சொல்ல முடியாது. பெனின்சுலா பிளாசா பக்கம் இருக்குற பழைய கேமராக் கடைங்கள்ல கொஞ்சம் கூடக் குடுத்தாலும் ரசீதோட வாங்குங்க. டெலிவரி எடுத்த 6 மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா அது மொதல்லேர்ந்தே இருந்ததாத்தான் எடுத்துக்குவாங்க, இல்லன்னு கடைக்காரர்தான் நிரூபிக்கணும். மொதல்ல ரிப்பேர் இல்ல மாத்தித் தர்றது, அது முடியலன்னா வெலையக் குறைக்கிறது, காசத் திருப்பித் தர்றது. ஆனா ஃபங்கஸ் விஷயத்துல கடைக்காரர் "நீங்க வச்சிருந்த எடத்துல வந்தது"ன்னு வாதாடுவாரு, அதுல நியாயமும் இருக்கலாம். அதனால வாங்குன அன்னிக்கே டார்ச் அடிச்சு உள்பக்கத்தப் படம் எடுத்துத் தேதியோட வச்சுக்கங்க. பேசி ஒத்து வரலன்னா பயனீட்டாளர் சங்கத்துக்கிட்ட போகலாம், அதுக்கும் மேல சின்னத் தொகை வழக்க விசாரிக்கிற ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல் இருக்கு, 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் தேவையில்ல.

கேள்வி: கேமராவ ஈரம் படாம வைக்கிற டிரை கேபினெட் வாங்கச் சொல்றாங்க, நூறு வெள்ளிக்கு மேல ஆகுது. அரிசி மூட்டையில வச்சா போதாதா? அலமாரியில வைக்கிற தண்ணி இழுக்குற டப்பா இருக்கே? (ஜூரோங் தம்பி)

பதில்: அரிசி வேணாம், அது ஈரம் இழுக்குறதவிட மாவத்தான் அதிகமா லென்ஸ்ல தூவும். தண்ணி இழுக்குற டப்பாவுல கால்சியம் குளோரைடு இருக்கு, அது துணிக்கு நல்லது, ஆனா கவுந்துச்சுன்னா உப்புத் தண்ணி கேமரா மேல. நம்ம ஊர்ல காத்து ஈரம் வருஷ சராசரியே 80 சதவீதத்துக்கு மேல, விடியக்காலையில 90அத் தாண்டும். 60 தாண்டினாலே ஃபங்கஸுக்குக் கொண்டாட்டம். நமக்கு வேண்டியது 40லேர்ந்து 50 வரைக்கும், அதுக்கும் ரொம்பக் கீழ போனா ரப்பரும் உள்ள இருக்குற கிரீஸும் காஞ்சுடும்.

ஒரு கேமரா ரெண்டு லென்ஸ்தான்னா ரப்பர் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ள ஈரம் இழுக்குற சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி, இது போதும், காசும் மிச்சம். ஆரஞ்சு சிலிக்கா ஜெல் வாங்குங்க, நீலத்துல கோபால்ட் குளோரைடு இருக்கு, அது விஷம், வீட்டுல புள்ளைங்க இருந்தா வேணவே வேணாம். ஆரஞ்சு பச்சையாச்சுன்னா பாக்கெட்டுல போட்டுருக்குற மாதிரி ஓவன்ல சூடு பண்ணித் திரும்ப வைங்க. இதுலதான் நெறைய பேர் கோட்டை விடுவாங்க, மூணு மாசம் ஒழுங்காப் பாப்பாங்க, அப்புறம் ஜெல் பச்சையாவே கெடக்கும். அந்த மாதிரி ஆளா நீங்க இருந்தா கேபினெட்டே வாங்கிடுங்க, சின்னது சில வாட் கரண்ட்தான் இழுக்கும், நானும் அந்த ஆள்தான், வாங்கிட்டேன். கேமராப் பையிலேயே வச்சு வைக்காதீங்க, பஞ்சு ஈரத்தக் குடிச்சு வச்சிருக்கும். சாமி அலமாரியிலயும் வேணாம், சூடம், பாச்சா உருண்டை பக்கத்துல வைக்கக்கூடாதுன்னு கேமரா கம்பெனி மேனுவல்லயே போட்டுருக்கும்.

கேள்வி: 15 வெள்ளிக்கு 12 சாமான் சேத்து கிளீனிங் கிட் விக்கிது, வாங்கலாமா? (செங்காங்)

பதில்: அதுல உருப்படியானது புளோவரும் பிரஷ்ஷும்தான். பாட்டில்ல என்ன இருக்குன்னு எழுதலன்னா அத விட்டுடுங்க. மைக்ரோஃபைபர் துணி மூக்குக் கண்ணாடிக் கடையிலேயே சும்மா குடுப்பாங்க, தொவைக்கும்போது சாஃப்டனர் மட்டும் போடாதீங்க, போட்டா துணியே எண்ணெய் பூசும். தனித்தனியா ஒரு நல்ல புளோவர், ஒரு சின்ன பாட்டில் லென்ஸ் கிளீனர், ஒரு பாக்கெட் டிஷ்யூ வாங்குனீங்கன்னா கொஞ்சம் கூட ஆகும், ஆனா ரெண்டு வருஷம் ஓடும், ஏன்னா நெசமாவே தொடைக்க வேண்டியது மாசத்துக்கு ஒரு தடவ கூட வராது.