ஆதி தாளம் போட்டு 12 பார் ப்ளூஸ் பழகலாம்

கேள்வி: கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கிறேன். கிட்டாரில் ஏ, டி, ஈ கார்டுகள் சுத்தமாக விழுகின்றன. சினிமாப் பாட்டுக்கு ஸ்ட்ரம் செய்ய முடிகிறது. 12 பார் ப்ளூஸ் (12 பார், அதாவது 12 தாளக் கட்டங்கள், ஒரு சுற்றாக வரும் அமைப்பு) வாசித்தால் மட்டும் அணிவகுப்பு பேண்டு மாதிரி கேட்கிறது. பாதிச் சுற்றைத் தாண்டியதும் எந்த பாரில் இருக்கிறேன் என்பதும் தெரிவதில்லை. அக்கா பாட்டு கற்றபோது பக்கத்தில் உட்கார்ந்து ஆதி தாளம் போட்டதோடு சரி, வேறு சங்கீதப் பயிற்சி இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த ஆதி தாளத்திலிருந்தே தொடங்குங்கள். உங்கள் இரண்டு சிக்கலுக்கும் அது கைகொடுக்கும்.

முதலில் நடை. நீங்கள் ஒவ்வொரு அடியையும் சமமாக இரண்டாக வெட்டி வாசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அணிவகுப்புச் சத்தம் அதனால்தான் வருகிறது. ப்ளூஸில் ஷஃபிள் என்று சொல்லும் நடையில் அடி மூன்றாக உடைகிறது. நம் கணக்கில் திஸ்ர நடை. ‘தகிட, தகிட’ என்று வாயால் சொல்லிக்கொண்டே ‘த’விலும் ‘ட’விலும் மட்டும் பிக்கை இறக்குங்கள். ‘கி’யில் கை சும்மா இருக்கட்டும், ‘த’வின் நாதம் அதன் மேல் ஓடட்டும். வேகம் கூடக் கூட இந்தக் கணக்கு கொஞ்சம் நெகிழும். அதைப் பற்றி இப்போது கவலை வேண்டாம்.

இதற்குக் காதைப் பழக்க உங்கள் ஊரைவிட நல்ல இடம் கிடையாது. சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசிக்கும்போது, நாகஸ்வரக்காரர் திஸ்ரத்துக்குப் போகிற இடத்தில் தவிலைக் கவனியுங்கள். தாளத்தின் அடி மாறாது. அதே அடிக்குள் மூன்று மூன்றாக வந்து உட்காரும். ப்ளூஸ் வேறு மண்ணின் இசை, அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்கள் உருவாக்கியது. ஆனால் அடிக்குள் மூன்றை உணரும் பயிற்சி இரண்டுக்கும் ஒன்றுதான்.

அடுத்து, இடம் தவறுவது. ஒரு பாருக்கு 4 அடி. ஆதி தாளத்தின் ஒரு சுற்றான ஆவர்த்தனத்துக்கு 8 அட்சரம். அடிக்கு ஓர் அட்சரம் என்று வைத்தால் இரண்டு பார் ஓர் ஆவர்த்தனம், 12 பார் ஆறு ஆவர்த்தனம். முதல் இரண்டும் ஏ. மூன்றாவது டி. நான்காவது மறுபடி ஏ. இதுவரை கார்டு மாறுவதெல்லாம் சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் அடியில்தான். ஐந்தாவதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள்: லகு (ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் சேர்ந்த முதல் 4 அட்சரம்) முழுக்க ஈ, விரல் எண்ணி முடித்துத் தட்டும்போது டி. ஆறாவதிலும் அப்படியே, லகு ஏ, அடுத்த தட்டில் ஈ. அந்தக் கடைசி ஈ உங்களைத் திரும்பச் சமத்துக்கு, ஏ-வுக்குத் தள்ளிவிடும்.

கிட்டாரைத் தொடாமல், தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கார்டு பெயர்களை வாயால் சொல்லுங்கள். தடுமாறாமல் நாலைந்து சுற்று வந்த பிறகு கிட்டாரை எடுங்கள். அப்போது தாளம் காலுக்குப் போய்விட வேண்டும். அடிக்கு ஒரு தட்டு போதும்; ‘தகிட’ முழுவதையும் காலால் தட்டினால் சோர்ந்துவிடுவீர்கள்.

முழு கார்டும் வேண்டாம், இரண்டு தந்தி போதும். ஏ-வுக்கு 5-வது தந்தியைத் திறந்து விட்டு, 4-வது தந்தியின் 2-வது ஃப்ரெட்டில் ஆட்காட்டி விரல். இரண்டையும் சேர்த்து ‘த’, ‘ட’ என இரண்டு முறை. அடுத்த அடியில் ஆட்காட்டி விரலை எடுக்காமலே மோதிர விரலை 4-வது ஃப்ரெட்டில் ஊன்றி இரண்டு முறை. மூன்றாவது, நான்காவது அடிகளுக்கும் இதே. டி-க்கு 4-வது தந்தி திறப்பு, விரல்கள் 3-வது தந்தியில். ஈ-க்கு 6-வது திறப்பு, விரல்கள் 5-வது தந்தியில். எல்லாமே டவுன் ஸ்ட்ரோக். வலது உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜை ஒட்டி லேசாக வையுங்கள்; சத்தம் தடித்து, அடக்கமாக வரும்.

இதில் ஆதி தாளப் பழக்கம் உங்களை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. நமக்குச் சமத்தில் அழுத்தம் கொடுத்துப் பழக்கம். ஷஃபிளில் டிரம்ஸின் ஸ்னேர் விழுவது பாரின் 2-வது, 4-வது அடிகளில். தாளத்தில் பார்த்தால் சுண்டு விரல், நடு விரல், அப்புறம் இரண்டு வீச்சு. அங்கே பிக்கை ஒரு பிடி அழுத்துங்கள், மற்ற அடிகளைத் தளர்த்துங்கள். நடை சரியாக இருந்தும் ப்ளூஸ் மாதிரி கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் குறை இங்கேதான்.

கேட்பதற்கு, 1950-களில் ப்ளூஸ் பாடகர் ஜிம்மி ரீட் பதிவு செய்த பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டார் கலைஞர் எடி டெய்லர் பல பாட்டுகளில் கூட வாசித்திருக்கிறார். நான் மேலே சொன்ன இரண்டு தந்தி அசைவு அதில் துலக்கமாகக் கேட்கும், வேகமும் நிதானம். இன்னொரு ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சனின் 1936, 1937 பதிவுகள் அருமையானவை, ஆனால் பார் கணக்கை அவர் தன் இஷ்டத்துக்கு நீட்டுவார், சுருக்குவார். கணக்கு உறுதியாகும் வரை அவரோடு சேர்ந்து வாசிக்காதீர்கள்.

சீராக அடி ஒலிக்கும் கருவியான மெட்ரோநோமை நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். ஒரு சுற்று சரியாக 48 வினாடி. இடையில் தவறினால் நிறுத்தாதீர்கள். கையை விட்டுவிட்டுக் காலால் தாளத்தைத் தொடர்ந்து, அடுத்த சமத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். 60-ல் உருளாத ஷஃபிள் 100-லும் உருளாது, அதனால் வேகத்தைக் கூட்ட அவசரப்படாதீர்கள். மூன்று சுற்று தவறாமல் போன பிறகு வேகத்தை நான்கு நான்காக ஏற்றுங்கள். ஏ7, டி7, ஈ7 முழு கார்டுகளை அதற்கு அப்புறம் சேர்த்தால் போதும்.