வாசகர் கேள்வி பதில்: கோவில் பின்னறையில் ஒரு தோட்டத்து அருங்காட்சியகம்

கேள்வி: ஐயா, சிலாங்கூரில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். இப்போது நாங்கள் ஆளுக்கொரு பக்கம் அடுக்குமாடிகளில் இருக்கிறோம். தோட்டத்துக் கோவில் மட்டும் மாற்று நிலத்தில் நிற்கிறது. அதன் மண்டபத்துப் பின்னறையைத் தருவதாக நிர்வாகம் சொல்கிறது. மரத்தைச் சீவும் பால் கத்தி, பால் பிடிக்கும் மங்கு, வாளி, வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு, பழைய படங்கள் எல்லாம் வீடுகளில் கிடக்கின்றன. ஒரு சின்ன அருங்காட்சியகம் அமைக்க ஆசை. கண்ணாடி அலமாரிக்கே பெரிய செலவாகும் என்று பயமுறுத்துகிறார்கள். எங்கே தொடங்குவது? (செந்தூல் வாசகர்)

பதில்: அலமாரியை மறந்துவிடுங்கள், அது கடைசி வேலை. முதலில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகமும் கைப்பேசியும் எடுத்துக்கொண்டு, உங்கள் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களில் வயது மூத்தவர் யாரோ அவர் வீட்டுக்குப் போங்கள், முடிந்தால் இந்த வாரமே. பால் கத்தி இன்னும் இருபது வருஷம் கழித்தும் கிடைக்கும். அந்தக் கத்தியைப் பிடித்த கை எந்த ரப்பர் காட்டில் எத்தனை மரத்தில் பால் வெட்டியது, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) எத்தனை மணிக்கு எழுந்தது, பால் எடை போட்டது யார், எடையில் தகராறு வந்தால் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) என்ன சொல்வார் என்பதெல்லாம் அந்தப் பெரியவரோடு போய்விடும்.

'அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் 'கஷ்டம்தான் தம்பி' என்பதோடு முடிந்துவிடும். ஒரு பழைய படத்தைக் கையில் கொடுத்து, இது எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பக்கத்து வீட்டில் யார், குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு எத்தனை மணிக்குக் காட்டுக்குப் போவீர்கள், கள்ளுக்கடை எந்தப் பக்கம் என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும். சத்தமில்லாத அறையில் பதிவு செய்யுங்கள். தொடக்கத்திலேயே பெயர், ஊர், தேதியோடு அவருடைய சம்மதத்தையும் அவர் குரலிலேயே பதிந்துவிடுங்கள்.

அடுத்தது பதிவேடு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், யார் கொடுத்தது, யார் பயன்படுத்தியது, எங்கே, ஏறக்குறைய எந்த ஆண்டு, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அவ்வளவுதான். எண்ணைச் சின்ன காகிதத் துண்டில் பென்சிலால் எழுதிப் பருத்தி நூலால் கட்டுங்கள். ஒட்டு நாடா வேண்டாம், கறை விடும். பால் கத்தியைப் பளபளவென்று தீட்டி வைக்க யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். தீட்டித் தீட்டித் தேய்ந்துபோன அந்த முனைதான் பார்க்க வேண்டியது.

எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளவும் கூடாது. ஒரே மாதிரி மூன்று தையல் இயந்திரம் வந்தால், எதற்குக் கதை இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திருவிழாப் படமும் காற்பந்துக் குழுப் படமும் மாட்டிவிட்டு நின்றுவிடாதீர்கள். ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடன், சாதி பார்த்துப் பிரித்த லயங்கள், கள்ளில் அழிந்த குடும்பங்கள், இவையும் அந்தத் தோட்டம்தான். 1942, 43இல் ஜப்பானியர்கள் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட மரண ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் நீளம் அந்தப் பாதை. போய்த் திரும்பாத தமிழர்களுக்குச் சரியான பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. உங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களின் பெயர்களை நான்கு வீட்டில் கேட்டு எழுதி அந்தச் சுவரில் வைத்தால், வேறெங்கும் கிடைக்காத ஒன்று அந்த அறையில் இருக்கும். விளக்க அட்டைகளைத் தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள், தேசியப் பள்ளியில் படிக்கும் உங்கள் பேரப்பிள்ளைகளும் பக்கத்துக் குடியிருப்புக்காரர்களும் படிக்க வேண்டுமல்லவா.

கேள்வி: என் தாத்தா கப்பலில் வந்தபோது வைத்திருந்த காகிதங்கள், சிவப்பு அடையாள அட்டை, ஐம்பது அறுபதுகளில் எடுத்த படங்கள் எங்களிடம் உள்ளன. ஓர் அமைப்பு அருங்காட்சியகம் தொடங்குகிறதாம், அசலைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (பட்டர்வொர்த் வாசகி)

பதில்: எழுத்தில் இல்லாமல் கொடுக்காதீர்கள் அம்மா. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய அறைகளும் தலைவர் மாறினால் பூட்டிக்கொள்ளும், அப்புறம் உங்கள் பெட்டி யார் வீட்டுக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. இது கொடையா, இரவலா, இரவல் என்றால் எத்தனை வருஷம், அந்த இடம் மூடினால் பொருள் யாரிடம் திரும்ப வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இதற்குத் தயங்குகிற இடத்தில் கொடுக்க வேண்டியதில்லை. முக்கியமான ஆவணமாக இருந்தால் கோலாலம்பூரில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தையும் கேட்டுப் பாருங்கள், தனியார் ஆவணங்களையும் அவர்கள் சேகரிக்கிறார்கள்.

கொடுப்பதோ வைத்துக்கொள்வதோ, முதலில் எல்லாவற்றையும் 600 டிபிஐ (படத்தின் நுணுக்க அளவு) அளவில் ஸ்கேன் செய்து இரண்டு மூன்று வீடுகளில் பிரதி வையுங்கள். கோலாலம்பூரில் இன்று தேசிய அருங்காட்சியகம் இருக்கும் அதே இடத்தில் முன்பு சிலாங்கூர் அருங்காட்சியகம் இருந்தது. 1945இல் நேசநாட்டு விமானங்கள் போட்ட குண்டில் அது சிதைந்தது. புதியது 1963இல்தான் திறந்தார்கள். அரசாங்கக் கட்டடத்துக்கே அந்தக் கதி என்றால் ஒற்றைப் பெட்டியை நம்பி இருக்க முடியாது. நமக்குக் குண்டு வேண்டாம், ஒரு வெள்ளமும் கரையானும் போதும்.

காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. ஒட்டும் பக்கங்கள் உள்ள பழைய ஆல்பத்தில் இருக்கும் படங்களை வலிந்து பிய்க்காமல் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். பூஞ்சை பிடிப்பதுதான் பினாங்கில் பெரிய தொல்லை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் அது வளரும், அதனால் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் குளியலறைப் பக்கமும் கூடாது. படத்தின் பின்னால் பெயர்களை மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம்.

அடையாள அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. கம்யூனிஸ்டுகளோடு நடந்த போராட்டத்தின் அவசரகாலத்தில், 1948இல்தான் அடையாள அட்டைப் பதிவே இங்கே தொடங்கியது, ஆகவே தாத்தாவின் அட்டை வெறும் குடும்பப் பொருள் அல்ல. இங்கேயே உழைத்து வயதாகியும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அட்டையோடு கண்மூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதைக் காட்சிக்கு வைக்கத்தான் வேண்டும். எண்ணையும் முகவரியையும் மட்டும் மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் பினாங்கு போகிறோம். நம்மவர்கள் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எங்கே காட்டுவது? (காஜாங் வாசகர்)

பதில்: ஜார்ஜ் டவுனில் நடந்தே பார்க்கலாம். 1833இல் எழுந்த குவீன் தெரு மகாமாரியம்மன் கோவில், சூலியா தெருவில் நாகூர் தர்கா, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், எல்லாம் சில நிமிட நடைதான். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதை வைத்துத்தான் 2016இல் மலேசியத் தமிழ்க் கல்விக்கு 200 ஆண்டு கொண்டாடினோம். அந்தப் பள்ளி பிற்காலத்தில் இயங்கிய ஃபார்குவார் தெருக் கட்டடம்தான் மாநில அருங்காட்சியகமானது, திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பாலத்தில் வரும்போது ஜெரெஜாக் தீவைக் காட்ட மறக்காதீர்கள். கப்பலில் வந்த நம் ஆட்களை நோய்த் தடுப்புக்காக அங்கேதான் இறக்கி வைத்தார்கள். வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.