சோர்ஸ் கோடை வாடிக்கையாளருக்கும் கொடுக்க வேண்டுமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம்மவர்கள், ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் பற்றி, அதாவது சோர்ஸ் கோடு என்கிற மூல நிரலை எல்லோரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடும் லைசென்ஸ் பற்றிக் கேட்டவை இவை. நான் வக்கீல் இல்லை, புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன்.

அண்ணா, ஜிபிஎல் லைசென்ஸ் (மாற்றலாம், பகிரலாம், ஆனால் வாங்குகிறவருக்கும் அதே உரிமையைத் தரணும் என்பது) உள்ள பில்லிங் மென்பொருள் ஒன்றை, தமிழிலும் மலையாளத்திலும் பில் வருகிற மாதிரி மாற்றியிருக்கிறேன். கடைகளுக்கு விற்கலாமா? கோடை ஊருக்கெல்லாம் காட்டணுமா?

தாராளமாக விற்கலாம் தம்பி. எவ்வளவு விலை வைத்தாலும் ஜிபிஎல் கேட்காது. ஊருக்கெல்லாம் காட்டவும் வேண்டாம். யார் கையில் புரோகிராமைக் கொடுக்கிறாயோ அவருக்கு, நீ செய்த மாற்றங்களும் சேர்த்து, சோர்ஸ் கோடு கிடைக்க வேண்டும். பென் டிரைவில் இரண்டையும் சேர்த்தே போட்டுக் கொடுத்துவிடு, தொல்லை விட்டது.

ஆனால் ஒன்று. அந்தக் கடைக்காரர் அதை வேலந்தாவளத்தில் இருக்கும் மச்சான் கடைக்கும் நகல் போட்டுக் கொடுத்தால் உன்னால் தடுக்க முடியாது. 'வேறு யாருக்கும் தரக்கூடாது' என்று எழுதி வாங்கினால் நீதான் லைசென்ஸை மீறியவன். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும். மச்சான் கடை பிரிண்டர் மக்கர் செய்தால் யாரைக் கூப்பிடுவார்? காசு அங்கேதான் இருக்கிறது.

என் சர்வரிலேயே ஓட்டி மாசாமாசம் பணம் வாங்கினால்?

நகல் யார் கைக்கும் போகவில்லை, அதனால் ஜிபிஎல்லில் கோடு தர வேண்டியதில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஏஜிபிஎல் என்ற இன்னொரு லைசென்ஸ் இருக்கிறது. 2007-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பின்படி, நீ மாற்றி எழுதியதை நெட் வழியாகப் பயன்படுத்துகிறவருக்கும் கோடு கிடைக்க வழி செய்ய வேண்டும். எந்த லைசென்ஸ் என்று முதலில் பார்.

கோடு பகிரும் கிட்ஹப் தளத்தில் லைசென்ஸே போடாத கோடு. எடுத்துக்கலாம்தானே?

கூடாது. நம் நாட்டு 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்புதான் (நம் கோடைப் படித்தால் நம்ப மாட்டீர்கள்). எழுதியதுமே உரிமை வந்துவிடும், பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. அனுமதி எழுதப்படவில்லை என்றால் அனுமதி இல்லை. எழுதியவருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள்.

ஃப்ளெக்ஸ் அடிக்க மீரா இனிமை எழுத்துரு போடலாமா?

போடலாங்க, காசும் வாங்கலாம். சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்காரர்கள் நம் தமிழுக்குச் செய்து ஓஎஃப்எல் என்ற, எழுத்துருக்களுக்கான திறந்த லைசென்ஸில் விட்டது அது. எழுத்துருவை மட்டும் தனியாக விற்காதீர்கள்.

வாளையார் தாண்டி கோயம்புத்தூரில் வேலை. கம்பெனிக்கு எழுதியதை நான் ஓப்பன் சோர்ஸாக விடலாமா?

வேலையின் பகுதியாக எழுதியது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி உரிமை கம்பெனிக்கு. எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு விடுங்கள்.

எம்ஐடி என்ற லைசென்ஸ் உள்ள கோடை எடுத்துப் போட என்ன செய்யணும்?

பதிப்புரிமைக் குறிப்பையும் லைசென்ஸ் வரிகளையும் கூடவே வைத்திருங்கள், போதும். நானே ஒருமுறை 'குப்பை' என்று நினைத்து அந்தக் கோப்பை அழித்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு கடையாகப் போய்த் திரும்பப் போட்டேன்.