மழைத்தண்ணியை சூயர் (கழிவுநீர்) மேன்ஹோல்ல விடலாமா? சாட்ஸ்வொர்த்ல ஆறு ஃப்ளாட் கட்டுற அக்காவுக்கு

அக்கா கேட்டது இதுதான்: அப்பாவோட பழைய வீட்டை இடிச்சுட்டு டர்பன் சாட்ஸ்வொர்த்ல மூணு மாடில ஆறு ஃப்ளாட் கட்டப் போறாங்க, இடம் 600 சதுர மீட்டர், பின்பக்கம் சரிவு. பிளானை முனிசிபாலிட்டில குடுத்தா டிரெயினேஜ் விவரம் பத்தலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பிளம்பர் என்னடான்னா "பின்னாடி சூயர் மேன்ஹோல் இருக்கே, மழைத்தண்ணியும் அதுலயே விட்டுடலாம், யாருக்குத் தெரியப் போவுது"ங்கிறார்.

விடக்கூடாது அக்கா. டர்பன்ல சூயர் தனி, மழைத்தண்ணி லைன் தனி. ஏன்னு ஒரு சின்ன கணக்கு பாருங்க: ஆறு ஃப்ளாட்ல 18 பேர்னு வச்சுக்கிட்டு ஆளுக்கு 150 லிட்டர்னா கூட, நாள் முழுக்க சூயர்ல போறது 2,700 லிட்டர்தான், ஆனா 350 சதுர மீட்டர் கூரைல 50 மி.மீ. மழை ஒரு மணி நேரத்துல கொட்டிச்சுன்னா 17,500 லிட்டர். அந்த லைன் தாங்காது, ரொம்பி பின்னாடி ஏறும், ஏறி உங்க தரைத்தளத்து பாத்ரூம்லயோ கீழ் வீட்டுக்காரர் முற்றத்துலயோதான் வெளிய வரும். அப்புறம் "யாருக்குத் தெரியும்"னு சொன்ன பிளம்பர் ஃபோனே எடுக்க மாட்டார்.

சரி, மழைத்தண்ணிய என்ன பண்றது? முழுசா நிறுத்த முடியாது, மெதுவா விடணும். உதாரணத்துக்கு மணிக்கு 120 மி.மீ. வேகத்துல மழைன்னு எடுத்துப்போம் (உங்க இடத்துக்கான நம்பரை எஞ்சினியர்தான் எடுக்கணும்). 600 சதுர மீட்டர்ல செகண்டுக்கு 20 லிட்டர் விழும். புல்லும் மண்ணுமா இருந்தப்போ அதுல 35 சதவீதம், அதாவது 7 லிட்டர், வெளிய ஓடியிருக்கும். கூரையும் பேவிங்கும் வந்தப்புறம் 85 சதவீதம்னா 17 லிட்டர். கூடுதலா வர 10 லிட்டரை 15 நிமிஷம் பிடிச்சு வைக்க 9,000 லிட்டர் டாங்க் வேணும். அட்டெனுவேஷன் டாங்க்னு சொல்றது இதைத்தான். வெளிய போற ஓட்டை சின்னது, டாங்க்ல ஒரு மீட்டர் தண்ணி நிக்கும்போது 7 லிட்டர் போக 60 மி.மீ.க்கும் கொஞ்சம் கம்மியான ஓட்டை போதும், நாலு மாவிலை விழுந்தா அடைச்சுக்கும், அதனால முன்னாடி கம்பி வலை, மேல ஓவர்ஃப்ளோ ரெண்டும் டிராயிங்லயே இருக்கணும்.

இன்னொன்னு, செடிக்கு ஊத்த ஜோஜோ டாங்க்ல (பிளாஸ்டிக் தொட்டி) மழைத்தண்ணி பிடிக்கிறதை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க. அது ரொம்பியே இருக்கும், அட்டெனுவேஷன் டாங்க் மழைக்கு முன்னாடி காலியா இருந்தாத்தான் பிரயோஜனம்.

இவ்ளோ பண்ணாலும் 2022 ஏப்ரல் மாதிரி மழை வந்தா எந்த டாங்க்கும் பத்தாது, டர்பன் பக்கம் சில இடத்துல ஒரே நாள்ல 300 மி.மீ.க்கு மேல கொட்டிச்சே. அந்த மாதிரி நேரத்துல ஓவர்ஃப்ளோ ஆகுற தண்ணி எந்த வழியா ரோட்டுக்கோ ஓடைக்கோ போகும்னு அம்புக்குறி போட்டு காட்டணும். கீழ் வீட்டுக்காரர் இடம் வழியாத்தான் போகணும்னா அவர் வாய்வார்த்தையா "சரி"ன்னு சொன்னா போதாது, செர்விட்யூட் (அவர் நிலம் வழியா தண்ணி விடற உரிமை) பதிவு பண்ணுங்க. சரிவு மேல சோக்பிட் (தண்ணிய மண்ணுக்குள்ள இறக்குற குழி) வேணவே வேணாம்னு நான் சொல்வேன். களிமண் தண்ணிய குடிக்காது, பெரியா (Berea) பக்கத்து சிவப்பு மணலோ நனைஞ்சா பலம் போயிடும், மண்ணைத் தாங்குற ரிடெயினிங் வால் நகர ஆரம்பிச்சுட்டா அதுக்கு ஆகுற செலவுல இன்னொரு மாடி கட்டிடலாம்.

சூயருக்கு முதல்ல அந்த மேன்ஹோலைத் திறந்து அடிமட்டம் எத்தனைன்னு சர்வேயரை அளக்கச் சொல்லுங்க, டிசைன் எல்லாம் அப்புறம். 110 மி.மீ. பைப்பை 60க்கு 1 சரிவுல போட்டா 24 மீட்டருக்கு 400 மி.மீ. இறங்கும். அந்த இறக்கம் கிடைக்கலன்னா கட்டடத்தோட தரைமட்டத்தை இப்பவே ஏத்திடுங்க. பம்ப் வச்சுக்கலாம்னு ஆர்க்கிடெக்ட் சொன்னா, கரண்ட் போனா கக்கூஸ் தண்ணி எங்க நிக்கும்னு கேளுங்க. வெளில இருக்கிற கல்லி ட்ராப் (கழிவுத்தண்ணி விழுற வாய்) தரைக்கு மேல தூக்கி இருக்கணும், ஆனா உள்ள இருக்கிற ஷவரை விட கீழ இருக்கணும், அப்பதான் லைன் அடைச்சா வீட்டுக்குள்ள வராம வெளிய வழியும்.

குடிதண்ணி: 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் பிரஷர் போயிடும், மெயின்ல எவ்ளோ வருதுன்னு சாயங்காலம் எல்லாரும் குளிக்கிற நேரத்துல அளந்து பாருங்க. ஃப்ளாட்டுக்கு ஒரு வாட்டர் மீட்டர், பொதுவா ஒரு ஸ்டோரேஜ் டாங்க். 2022 வெள்ளத்துல டர்பனுக்கு வடக்க இருக்கிற டோங்காட் வாட்டர் ஒர்க்ஸ் கெட்டுப்போய் அந்த ஊர்க்காரங்க மாசக்கணக்கா டேங்கர் லாரிக்கு வரிசைல நின்னாங்க, அதனால டாங்க்கை வெட்டி செலவ குறைக்கலாம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. கரண்ட் கேபிளும் தண்ணி பைப்பும் ஒரே குழில வேணாம், அவ்ளோதான்.

திரும்பக் குடுக்கும்போது தென் ஆப்பிரிக்க கட்டட விதியான சான்ஸ் (SANS) 10400ல சூயருக்கு பார்ட் பி (P), மழைத்தண்ணிக்கு பார்ட் ஆர் (R), ரெண்டையும் தனித்தனி ஷீட்ல வேற வேற கலர்ல போடச் சொல்லுங்க, எக்சால (ECSA, எஞ்சினியர்களைப் பதிவு பண்ற கவுன்சில்) பதிவான சிவில் எஞ்சினியர் கையெழுத்தும் மேல சொன்ன கணக்கும் கூட இருக்கணும். மேன்ஹோல் மட்டம் தெரிஞ்சதும் அனுப்புங்க, அது இல்லாம பைப் ரூட் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது.